உன் சம்மதத்துக்கு யார் சாட்சி

சமீ,

இதைக் கிழித்துப் போட உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வாசித்துவிட்டுக் கிழி. நான் எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், அதோடு கதை முடிந்தது. காகிதத்தில் எழுதினால் கோபம் தணிந்த பிறகாவது எடுத்துப் பார்ப்பாய் என்று ஒரு நப்பாசை. இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. செம்பூரில் உன் மாமனாராகப் போகிறவர் வாசிக்கட்டும், ஜமாஅத்தில் யார் கேட்டாலும் காட்டு, உன் உம்மாவுக்கு யாராவது வாசித்துச் சொல்லட்டும். மூடி மூடி வைத்துத்தான் நம் வீடு இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது.

திங்கட்கிழமை லேத் பட்டறை வேலை முடிந்து வந்தவன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி என் சோற்றுத் தட்டுக்கு அருகில் வைத்துவிட்டுப் போனாய். ‘ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். நீங்கள் வரலாம். என்னைப் பேசச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.’ ஓர் எழுத்துப்பிழை இல்லை. உனக்குத் தமிழ் எழுதப் பழக்கியவன் நான் என்ற பெருமை ஒரு கணம் வந்தது, அடுத்த கணம் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ சொன்னால் செய்வாய். எழுந்து போனால் நிக்காஹ் நின்றுவிடும், அந்தப் பெண் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருப்பாள். எல்லாவற்றுக்கும் நான் காரணமாக இருப்பேன்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சபையில் நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத் கேட்கும்போது மாப்பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டிய அரபு வாசகத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே உதட்டை மூட வேண்டும் என்று அடியில் கோடு போட்டு, உன் சட்டைப் பையில் வைத்தவன் நான்தான். ஹஜ்ரத்திடம் போய், “பையன் வாயாலயே சொல்லிருவான் ஹஜ்ரத், காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்” என்று உறுதி கொடுத்தவனும் நான்தான். மூன்று வருடமாக நீ வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை என்பதை அவரிடம் மறைத்தேன். உன் குரலை ஜமாஅத்து கேட்க வேண்டும், மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வருகிற நம் ஆட்கள் திரும்பிப் போய் ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்ற ஆசையை பத்து வருடமாகச் சோறு போட்டு வளர்த்திருந்தேன். அந்த ஆசைக்கும் உனக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதே இல்லை.

உனக்கு அப்துல் சமீ என்று பெயர் வைத்ததும் நான். எல்லாவற்றையும் செவியேற்கிற இறைவனின் அடியான் என்று அர்த்தம். ஏழாம் நாள் பெயர் சொல்லி அழைத்தபோது உனக்குக் கேட்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வயதில் உம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தோல் பதனிடுகிற ஷாப்பின் சங்கு ஊதினால் தெருப் பிள்ளைகள் எல்லாம் துள்ளும், நீ மட்டும் கோழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் உம்மாவின் வாயை அடைத்தேன். பேச்சு தாமதமாக வருகிற பிள்ளை என்று தெருவில் சொன்னேன். ஹகீமிடம் போனோம், தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கினோம், டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள். அப்படியே பதினோரு வயது ஆகிவிட்டது. பம்பாய் ராஜ்யத்தை இரண்டாகப் பிரித்தார்களே, அந்த வருடம்தான் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் நல்ல மனிதர், அவசரப்படவில்லை. நரம்பு பழுது, ஆபரேஷனுக்கு வழியில்லை, காதில் மெஷின் வைக்க வேண்டும், பேசப் பழக்குகிற பள்ளிக்கூடத்தில் உடனே சேர்க்க வேண்டும் என்றார். பிறவியிலா, காய்ச்சலிலா என்று கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கையால் பேச விட்டால் இவன் கடைசி வரைக்கும் ஊமையாகத்தான் இருப்பான் என்றார். பள்ளிக்கூடத்து டீச்சரும் அதையே சொன்னாள். “ஹாத் பந்த், ஜுபான் சாலூ” என்பாள். கை நின்றால்தான் நாக்கு ஓடுமாம். ஏற்கெனவே லேட், இன்னும் ஒரு நாள்கூட வீணாக்காதே என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது, மகனே. அத்தனை வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தவனுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் ஆயிரம் கேள்வி கேட்கிறவன் நான், அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதற்குள் நீயும் உம்மாவும் உங்களுக்குள் ஒரு பேச்சை உண்டாக்கி வைத்திருந்தீர்கள். மழைக்கு ஒரு சைகை, மீன்காரிக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, நான் வருகிறேன் என்பதற்குத் தாடியைப் பிடித்து இழுப்பது. அடுப்படியில் நீங்கள் இருவரும் அப்படிக் கையை ஆட்டிக்கொண்டு சிரிப்பீர்கள், நான் உள்ளே நுழைந்தால் நிறுத்திவிடுவீர்கள். பள்ளியில் சேர்த்த அன்று அதையெல்லாம் விலக்கினேன். “இந்தாருங்க, புள்ளைக்கு வவுறு வலிக்குன்னு சொல்லணும்னாக்கூட கை வேண்டாமா?” என்று உம்மா கேட்டாள். “வாயால சொல்லட்டும்” என்றேன். தினமும் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் உன்னை எனக்கு எதிரில் உட்கார வைத்து, உன் கைகளைப் பின்னால் வைத்து என் தோள் துண்டால் கட்டுவேன். உன் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து ‘ப’ சொல்லச் சொல்வேன், காகிதம் ஆட வேண்டும். ஆடாவிட்டால் மறுபடி. நீ அழுதால் கண்ணைத் துடைக்கக்கூட உனக்குக் கையில்லை. நான்தான் துடைத்துவிட்டேன், அதைப் பாசம் என்று நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து ‘வாப்பா’ என்றாய். நான் தெருவில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் பொய் என்று என்னால் இன்றைக்கும் எழுத முடியாது. என் மகன் என்னைக் கூப்பிட்டான், எந்தத் தகப்பனுக்கு அது வேண்டாம்? ஆனால் அந்த ஐந்து மாதத்தில் நீ என்னிடம் சொல்ல நினைத்த வேறு ஆயிரம் விஷயம் இருந்திருக்கும். அவை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்றில் மட்டும் டீச்சர் சொன்னதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தி, அதனால் வீட்டில் வேறு மொழி கூடாது என்றாள். போடி என்று மனதுக்குள் சொல்லிவிட்டு உனக்குத் தமிழ் எழுத்துப் பழக்கினேன். கதவு, பானை, சிம்னி, குடை என்று சீட்டு எழுதி வீடு முழுக்க ஒட்டினேன். நீயும் எழுதி ஒட்ட ஆரம்பித்தாய். ஒருநாள் தோல் மண்டிக்குப் போன என்னைப் பார்த்து வழியெல்லாம் ஆட்கள் சிரித்தார்கள். முதுகில் ‘கோபம்’ என்று சீட்டு. அன்று அடிக்க ஓங்கிய கையை உம்மா பிடித்துக்கொண்டாள். அந்தச் சீட்டை நீ சரியான இடத்தில்தான் ஒட்டியிருந்தாய்.

இனி எழுத வேண்டியதைத்தான் நேற்றிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நம் தொழிலில் பெரிய விலையை வாயால் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்கு அடியில் கையைக் கோர்த்துக்கொள்வோம், விரலைப் பிடிப்பதிலும் அழுத்துவதிலும் பேரம் முடிந்துவிடும், சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையென்று மண்டிக்கு வந்திருந்தாய். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒருவரோடு ஆட்டுத்தோலுக்குப் பேரம் நடந்தது, படியவில்லை, நான் வெற்றிலை துப்பப் போனேன். திரும்பி வந்தால் நீ துண்டுக்குள் கையை விட்டு அவர் விரலைப் பிடித்திருக்கிறாய். எத்தனை நாள் எங்கள் முழங்கையையும் தோளையும் பார்த்துப் பார்த்துப் படித்தாயோ. நான் மனதில் வைத்திருந்த விலையையே நீ சொல்லியிருந்தாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்னா பாய், உங்க புள்ள உங்கள விட நல்லாப் பேசுறானே!” என்றார்.

அந்த ‘பேசுறானே’ தான் என்னைச் சுட்டது. உன்னைப் பேச வைக்கக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், யாரோ ஒருவன் கையைப் பிடித்துவிட்டு நீ பேசுகிறாய் என்கிறான். எல்லார் முன்னாலும் உன் கன்னத்தில் அறைந்தேன். நீ தடுமாறித் தராசின் இரும்புத் தட்டில் விழுந்தாய். இடது புருவம் கிழிந்தது. உம்மாவிடம் தவறி விழுந்துவிட்டான் என்றேன். நீ மறுக்கவில்லை. அன்று மாலையும் அதே துண்டால் உன் கையைக் கட்டி உட்கார வைத்தேன், தலையில் கட்டோடு. தினமும் பத்துப் பேரோடு விரலால் பேசிப் பிழைக்கிறவன் நான். அது பேச்சு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மெஷின் விஷயத்தை எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், வரட்டும். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த பெட்டி. சட்டைப் பையில் பெட்டி, காதுக்கு ஒயர். தலைக்குள் லாரி ஓடுகிறது என்று நீ எழுதிக் காட்டினாய், பழகிவிடும் என்றேன். நான்கு வருடம் நீ அதைக் கழற்றாமல் போட்டிருந்ததைப் பார்த்து, பள்ளிவாசலில் பெருமையடித்தேன். ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பெட்டி திறந்துகொண்டது, உள்ளே பேட்டரி இல்லை. எத்தனை நாளாக என்று உம்மாவைக் கேட்டேன். “ரெண்டு வருசமா” என்றாள். என் கண்ணுக்காகத்தான் அதை நீ மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். எனக்காக அவ்வளவு செய்தவனை நான் நன்றி கெட்டவன் என்று அன்று திட்டினேன்.

பிறகு உன் குரல் நின்றது. மாமா மகன் கல்யாண விருந்தில், வந்தவர்கள் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, “பேரைச் சொல்லு, வாப்பா பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு” என்று உன்னைக் கேட்டேன். நீ சொன்னாய். ஒரு குழந்தை பயந்து அழுதது. இரண்டு பெண்கள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு உன் குரல் பழகிய குரல், அதனால் நான் எதையும் கவனிக்கவில்லை. நீ எல்லார் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாய். காது கேட்காதவனுக்கு முகமும் தெரியாதா? அன்றிலிருந்து மூன்று வருடம். வீம்பு என்றேன், திமிர் என்றேன். எத்தனை தடவை உன் தாடையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

பம்பாயில் நம் ஆட்களை லுங்கிக்காரன் என்று துரத்தி அடித்த நாட்கள் நினைவிருக்கிறதா? எந்த ஊர், என்ன மொழி என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். கேட்டால் நீ பதில் சொல்ல மாட்டாய், அதற்கே அடிப்பார்கள் என்று நீ வரும்வரை தெருமுனையில் நிற்பேன். ஒரு சாயங்காலம் உனக்குத் தெரியாமல் உன் பின்னால் வந்தேன். மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் உன்னைப்போல இருபது பையன்கள். மராட்டிக்காரன், குஜராத்தி, நம் தாராவிப் பையன், எல்லாரும் ஒரே பேச்சு, கையால். ஊரே மொழிக்காகக் கல் எறிந்துகொண்டிருக்க, அங்கே எவனும் எவனையும் நீ யார் என்று கேட்கவில்லை. நீ சிரித்தாய், சத்தம் போட்டு. வீட்டில் பூட்டி வைத்த குரலைப் பாலத்தில் அவிழ்த்துவிட்டிருந்தாய். கீழே பிளாட்பாரத்தில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டேன் என்று எழுதத்தான் இந்த இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது செம்பூர். ஜொஹராவைப் பற்றி நீ எழுதிக் காட்டியபோது, அவளுக்கும் கேட்காது, அவள் உம்மாவுக்கும் கேட்காது என்று நீ மறைக்கவில்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமையே டாக்டரிடம் போனேன். இரண்டு பக்கமும் இப்படி இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார். ‘வரலாம்’ என்றுதான் சொன்னார். நான் அதை ‘வரும்’ என்று ஆக்கிக்கொண்டு, பத்து நாளைக்கு முன்னால், உனக்குத் தெரியாமல், சம்பந்தத்தை முறிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தையல்காரர் காசிம் கட்டிங் மேஜையை ஒதுக்கி என்னை உட்கார வைத்தார். அவர் மனைவியும் மகளும் அதே அறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். ரத்தத்தில் பழுது என்றேன். இன்னொரு ஊமைப் பிள்ளையை என் வீட்டில் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்றேன்.

நான் முடித்ததும் காசிம் தன் மனைவி பக்கமாகத் திரும்பி, கையை எடுத்து, நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவர்களுக்குச் சொன்னார். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவர் நிறுத்தவில்லை. அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். ஜொஹரா எழுந்து என் எதிரில் வந்து நின்று கையால் பேசினாள், வேகமாக, அழாமல். அவர்கள் மூன்று பேரும் பேசுகிறார்கள், நான் யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறேன். காசிம் சொன்னார்: “எங்க உம்மாவுக்குக் கேக்காது, எங்க உம்மாவோட வாப்பாவுக்கும் கேக்காது, அதுக்காவ எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் அழுததில்ல, நீங்க எதுக்கு அழுவுதியன்னு கேக்கா பாய்.” அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பேச்சுக்கு நடுவில் அவள் இரண்டு மூன்று தடவை தன் இடது புருவத்தை விரலால் கீறுவதைப்போல் காட்டினாள். அது என்ன என்று கேட்டேன். “அது உங்க மவன் பேரு பாய். இவங்களுக்குள்ள சமீன்னு சொன்னா யாருக்கும் தெரியாது. புருவத்துல தழும்பு இருக்குல்லா, அதான் பேரு. மண்டியில கால் வழுக்கி விழுந்தாராமே” என்றார். நீ அங்கேயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வைத்த பெயர் உன் காதில் விழவில்லை, நான் அடித்த அடி உன் பெயராகிவிட்டது. அதைச் சுமந்துகொண்டு சிரித்தபடி பாலத்தில் நிற்கிறாய். அன்று அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இதை அவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் உறையை ஒட்டவில்லை.

சம்பந்தத்தை முறிக்காமலே திரும்பி வந்து, நடந்ததை உன் உம்மாவிடம் சொன்னேன், அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேச்சில்லை. “நீங்க கட்டுனது அவன் கைய மட்டுமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதுதான் கடைசி. இந்த வீட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பத்து நாளாகப் பார்க்கிறேன். உனக்கு அந்தச் சத்தமின்மை வலித்ததா என்று எனக்குத் தெரியாது. யாரும் உன் பக்கம் திரும்பாமல் பேசிக்கொண்டு சாப்பிட்டோமே, அது வலித்திருக்கும்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு என்ன அருகதை? ஆனாலும் காசிமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சண்டை வந்தால் முகத்தைத் திருப்பாதே, விளக்கை அணைத்துவிடாதே. மற்றவர்கள் இருட்டிலும் சமாதானம் ஆகலாம், உங்கள் இருவருக்கும் விளக்கு வேண்டும் என்றார் அவர். நீ முகத்தைத் திருப்புவதை என்னிடம் படித்திருக்கிறாய், அதை அவளிடம் கொண்டு போகாதே. லேத்தில் நிற்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிய எதிரில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள். அவள் சார்பில் நீ எதையும் முடிவு செய்யாதே, நல்லதுக்காகத்தான் என்றாலும். நல்லதுக்காக என்றுதான் நானும் எல்லாம் செய்தேன்.

நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உனக்குக் காது கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், சாகும்வரை நினைப்பேன். ஜொஹரா தன்னை நோயாளி என்று நினைக்கவில்லை, நீயும் நினைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அது எனக்குப் புத்தியில் ஏறுகிறது, நெஞ்சில் ஏறவில்லை. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, கதவு அடித்தும் அது திரும்பாவிட்டால், நீங்கள் இருவரும் நம் பிள்ளை நம்மைப்போல என்று சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். மூலையில் போய் நின்றுகொள்வேன். ஆனால் உங்களைக் கேட்காமல் அந்தப் பிள்ளையை எந்த டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு போக மாட்டேன், அதன் கையைத் தொட்டு அடக்க மாட்டேன். இதை எழுதிக் கொடுக்கிறேன், ஜமாஅத்து முத்திரை வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்திடம் போனேன். “ஹஜ்ரத், நான் சொன்னது பொய். என் மகன் செவிடு. பேச மாட்டான், பேசச் சொல்லிக் கேக்கவும் கூடாது” என்றேன். அந்தச் சொல்லை வெளி மனிதர் ஒருவரிடம் இருபத்தொரு வருடத்தில் முதல்தடவையாகச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “இத முன்னாலயே சொல்லிருக்கலாம்லா? சைகையால சொன்னாப் போதுமே. அதுவும் சம்மதம்தான், மார்க்கத்துல எந்தத் தடையும் இல்ல” என்றார். பத்து வருடம் எதற்காகக் காகிதத்தை ஆட்டினேனோ, அதை மார்க்கம் கேட்கவே இல்லை.

பிறகு அவர் ஒன்று சொன்னார். “ஆனா அவன் காட்டுத சைகை சம்மதம்தான்னு சாட்சி நிக்கிறவங்களுக்கு விளங்கணும். உங்க பக்கத்துல யாருக்கு விளங்கும்?” பெண்ணின் தாய்மாமன்மார் இரண்டு பேருக்கும் காது கேட்கும், கைப்பேச்சும் தெரியும், அவர்கள் நிற்பார்கள் என்றேன். “அது பொண்ணு பக்கம். மாப்பிள்ள பக்கத்துல?” என்றார். உம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும், அவள் பெண்கள் பக்கம் இருப்பாள். வேறு யாரும் இல்லை. அவர் என்னை உற்றுப் பார்த்து, “உங்களுக்கு விளங்கும்லா? நீங்க வாப்பா ஆச்சே” என்றார். வேறு யாராக இருந்தாலும் விளங்கும் என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல வரவில்லை. இல்லை என்றேன்.

சாட்சிக்கு அந்த இரண்டு பேரே போதும் என்று அவர் எழுதிக்கொண்டார், நிக்காஹுக்கு இனித் தடையில்லை. யாரும் உன்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். இன்று வியாழக்கிழமை. நாளை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நான் மண்டிக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். உனக்கு மனம் இருந்தால் வந்து என் எதிரில் உட்கார். சம்மதம் என்பதை உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குக் காட்டு. ஒருதடவை காட்டினால் எனக்கு வராது, வயசாகிவிட்டது, பத்துத் தடவை காட்டு. தப்பாகச் செய்தால் என் கையைப் பிடித்துத் திருத்து, கோபப்பட்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்ன சொன்னான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

உன் வாப்பா